குழந்தைகளின் படைப்பிடத்துக்கு ஃபைபர் யானை வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். எங்கள் பகுதி நூலகத்தின் பின்பக்கத்தில், பழைய நாளிதழ்க் கட்டுகளும் கால் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூடத்தையும் அதையொட்டிய சிறு முற்றத்தையும் சுத்தம் செய்து குழந்தைகளுக்கான படைப்பிடமாக மாற்றலாம் என்று வாசகர் வட்டத்தில் சில மாதங்களாகப் பேசி வருகிறோம். கடந்த கூட்டத்துக்கு விற்பனையாளர் ஒருவர் வழவழப்பான வண்ணப் பட்டியலோடு வந்திருந்தார். ஃபைபரில் செய்த யானை, ஒட்டகச்சிவிங்கி, காளான் வடிவ இருக்கை, நடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள இறக்கை வரைந்த சட்டகம் என்று பக்கத்துக்குப் பக்கம் அதில் படங்கள் இருந்தன. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு யானை பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. அன்று காரணத்தை நிதானமாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்பதாலும், இதே பட்டியல் தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களுக்கும் போய்க்கொண்டிருக்கும் என்று தோன்றுவதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

யானை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அழகு குறைவு காரணமில்லை. குழந்தை வந்து சேர்வதற்கு முன்பே அது முழுதாக முடிந்துபோன பொருளாக நிற்கிறது என்பதே காரணம். ஏறலாம், சறுக்கி இறங்கலாம், அம்மா ஒரு படம் எடுக்கலாம். பத்து நிமிடத்தில் அதனிடம் கொடுக்க வேறொன்றும் மிச்சமிருக்காது. இரண்டாம் முறை வரும் குழந்தை அதைத் திரும்பிப் பார்க்காமல், பக்கத்தில் குழாய் பதிக்கக் கொட்டி வைத்த மணற்குவியலை நோக்கி ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிறுவல் கலை என்று நாம் இப்போது சொல்லும் வடிவம், சட்டகத்துக்குள் அடங்காமல் ஓர் இடத்தையே தன் உடலாக்கிக்கொண்டு, பார்ப்பவரை உள்ளே நுழையவிடும் கலையாகும். அதைக் குழந்தைகளுக்காகச் செய்யும்போது பாதி வேலையைச் செய்யாமல் விட்டுவைக்கும் துணிச்சல் வேண்டும். மீதிப் பாதியைக் கையும் காலும் கண்ணுமாக வந்து முடிப்பது குழந்தையின் பங்கு.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஓமலூரைத் தாண்டித் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் போதும். அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் காலத்துத் திருப்பணியில், வாலி வதத்தைச் செதுக்கிய சிற்பி ஒரு வேடிக்கையைச் செய்து வைத்திருக்கிறார். ராமன் நிற்கும் தூணருகே நின்றால் வாலியும் சுக்ரீவனும் போரிடுவது தெரியும்; வாலி இருக்கும் தூணுக்குப் போய் நின்று பார்த்தால் ராமன் கண்ணில் படமாட்டான். கதையை வாயால் சொல்லாமல், பார்ப்பவரை இங்கும் அங்கும் நடக்கவைத்துச் சொல்கிற உத்தி இது. அதே கோயிலில் சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று உருளும், ஆனால் வெளியே எடுக்க வராது. நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது அந்த வாய்க்குள் விரலை விட்டு உருண்டையை உருட்டிக்கொண்டு, அப்பா இரண்டுமுறை அழைத்தும் நகராமல் நின்றேன். அந்தத் தலத்தில் பிறகு எத்தனையோ சிற்பங்களை ஓவியனின் கண்ணோடு பார்த்திருக்கிறேன். விரல் நுனியில் இன்றுவரை நிற்பது அந்த உருண்டை மட்டுமே.

குழந்தைகளுக்கான இடங்களைப் பற்றி ஆழ்ந்து யோசித்த கலைஞர்கள் வெளிநாடுகளில் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், போருக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாம் நகரில் காலியாகக் கிடந்த மனைகளில் 1947-இல் விளையாட்டிடங்கள் அமைக்கத் தொடங்கினார். 1978-க்குள் அவை 700-ஐத் தாண்டின. மணல் தொட்டி, தாண்டிச் செல்லச் சில கற்கள், குட்டிக்கரணம் போட இரும்புக் கம்பிகள் ஆகியவையே அவருடைய பொருள்கள். அலுமினிய யானை போன்ற உருவங்களை அவர் வைக்க மறுத்தார். தெருவில் அது இயல்பான பொருளாகாது என்பது அவர் கருத்து. எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் இந்த யானைக் கதை தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன், பிறகுதான் படித்தேன். ஜப்பானிய அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி 1933-இல் ஒரு முழு மலையையே விளையாட்டுப் பொருளாக வடிவமைத்தார். நியூயார்க் பூங்கா நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அவர் 1988-இல் மறைந்தார். அவருடைய விளையாட்டு மலை இடம்பெற்ற பூங்கா ஜப்பானின் சப்போரோ நகரில் 2005-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. நமக்கோ வடக்கே சேர்வராயன் மலையே நிற்கிறது, அதைப் பார்க்க ஜன்னல் வைக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

நெசவாளர் ஊரில் இருப்பவன் என்பதால் என் மனத்தை அதிகம் தொட்டவர் ஜப்பானைச் சேர்ந்த நூலிழைக் கலைஞர் தோஷிகோ ஹோரியுச்சி மெக்காடம். கயிற்றைப் பின்னிப் பெரிய பெரிய வலைகளை உருவாக்கிக் கூடங்களில் பார்வைக்குத் தொங்கவிட்டு வந்தவர் அவர். ஒரு கண்காட்சியில் குழந்தைகள் சிலர், கேட்காமல் கொள்ளாமல் அவருடைய படைப்புக்குள் ஏறிக் குதித்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். வேறொருவராயிருந்தால் காவலாளியை அழைத்திருப்பார். அவரோ, தம் வலை உயிர் பெற்றது அந்தக் கணத்தில்தான் என்று கண்டுகொண்டு, அதன்பின் குழந்தைகள் ஏறி ஆடுவதற்கென்றே வண்ண வலைகளைப் பின்னத் தொடங்கினார். ஹக்கோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய வலை, தறிக்கும் பின்னலுக்கும் பழகிய எந்தக் கையும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளக்கூடியது.

ஆகவே எங்கள் கூடத்துக்கு நான் முன்வைக்கும் யோசனைகளும் தறியிலிருந்தே தொடங்குகின்றன. பட்டுச் சேலையில் பூ விழுவதற்காகத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் கோத்து ஓட்டும் துளையிட்ட அட்டைகள், டிசைன் மாறியவுடன் கட்டுக் கட்டாகப் பரணுக்குப் போகின்றன. அந்த அட்டையை மாலை வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? சுவருக்கு அருகே பிடித்தால் ஒவ்வொரு துளையும் கூர்மையான ஒளிப்புள்ளியாக விழும், கோலத்துக்குப் புள்ளி வைத்ததைப் போல. சிறிது சிறிதாகச் சுவரை விட்டு விலக்கினால் புள்ளிகள் உருண்டு பெருத்து ஒன்றோடொன்று கலந்து, ஓரிரு மீட்டர் தொலைவில் வெறும் வெளிச்சப் படலமாகிவிடும். துளை எந்த வடிவத்தில் இருந்தாலும் தொலைவில் விழும் வெளிச்சம் வட்டமாகவே இருக்கும், ஏனென்றால் அது சூரியனுடைய பிம்பம். ஒரு மீட்டர் தொலைவுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம் என்பது கணக்கு. எங்கள் கூடத்துக்கு மேற்கே பெரிய ஜன்னல் இருக்கிறது. அதன் குறுக்கே தண்டவாளம் போன்ற இரண்டு மரச்சட்டங்கள் அமைத்து, அட்டைகளை முன்னும் பின்னும் தள்ளவும், ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தவும் வழி செய்தால், பள்ளி விட்டு வரும் குழந்தைகள் மாலை நான்கு மணிக்குச் சுவரில் தாங்களே கோலம் போடுவார்கள். மழைக்காலத்தில் கோலம் விழாது. அதில் தவறில்லை, வெயிலுக்குக் காத்திருக்கட்டும்.

முற்றத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மரச்சட்டம் நட்டு, கெட்டியான கயிறுகளைப் பாவாக, அதாவது நெடுக்கு இழையாக, மேலிருந்து கீழே இழுத்துக் கட்டலாம். கிழிந்த சேலைத் துண்டுகளை ஊடையாக, குறுக்கு இழையாக, கொண்டு குழந்தைகள் நெய்யலாம். சட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று, ஒரு கை கொடுப்பதை மறு கை வாங்கினால்தான் துணி பின்னுக்குப் போய் முன்னுக்கு வரும் என்பதால், முன்பின் தெரியாத இரண்டு குழந்தைகள் பேசித்தான் ஆக வேண்டும். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். நெய்தது அழகாக வந்துவிட்டது என்று யாராவது பெரியவர் அதைப் பாதுகாக்கத் தொடங்கினால், அன்றோடு அது சுவரில் மாட்டிய படமாகிவிடும். அடுத்த வாரம் வரும் குழந்தைக்கு அதில் வேலை இருக்காது. பிரிட்டிஷ் ஓவியர் பென் நிக்கல்சனுக்கும் சிற்பி பார்பரா ஹெப்வொர்த்துக்கும் பிறந்த சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதிய கட்டுரையில், ஓரிடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய தனித்தனிப் பொருள்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பும் படைப்பும் பெருகும் என்று வாதிட்டார். நம் வீட்டுக் குழந்தைகள் நுங்குக் கோந்தையில் வண்டி செய்ததும், புளியங்கொட்டையில் பல்லாங்குழி ஆடியதும் இதே வகைதான்.

ஒலியைப் பற்றிச் சொல்லும்போது என்னுடைய தோல்வி ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மாணவர்களோடு சேர்ந்து ஓர் ஒலிச்சுவர் அமைத்தேன். குழாய்களையும் தகர மூடிகளையும், கொலுசுப் பட்டறையில் கேட்டு வாங்கிய மணிகளையும் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு தவறுகள் செய்தேன். எல்லாவற்றையும் என் மார்பு உயரத்துக்குத் தொங்கவிட்டேன்; ஆறு வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதை, சின்ன வகுப்புப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனதைக் கண்ட பிறகே உணர்ந்தேன். அடுத்து, கொக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தேன். ஒரு மாணவிக்கு நகம் நசுங்கியது. ஒரே வாரத்தில் சுவர் கழற்றப்பட்டது. தலைமையாசிரியர் செய்தது சரி என்று அன்றே ஒப்புக்கொண்டேன். ஆனால் கொக்கியை மாற்றியிருந்தால் போதும் என்று சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

இன்று செய்வதாயிருந்தால் குறைந்த பொருள்களை வைத்துக் கணக்கோடு செய்வேன். பிவிசி குழாயின் வாயைப் பழைய ரப்பர் செருப்பால் அறைந்தால் தொம்மென்று ஒலி எழும். உள்ளே இருக்கும் காற்று அதிர்வதால் வரும் ஒலி அது. குழாயைப் பாதியாக வெட்டினால் ஏறக்குறைய அதே சுரம் மேல் ஸ்தாயியில் கிடைக்கும். இரும்புக் குழாயைத் தொங்கவிட்டுத் தட்டும்போது அதிர்வது குழாயின் உடல். அங்கே இந்தக் கணக்கு செல்லாது, 100 செ.மீ. குழாய்க்கு மேல் ஸ்தாயி வேண்டுமென்றால் ஏறக்குறைய 71 செ.மீ. நீளத்தில் வெட்ட வேண்டும். தொங்கவிடும் துளையை நுனியில் இடாமல், 100 செ.மீ. குழாயானால் 22 செ.மீ. உள்ளே தள்ளி இட்டால் நாதம் நீண்டு ஒலிக்கும். அந்த இடத்தில் குழாய் அதிராமல் நிற்கிறது என்பதே காரணம். இந்த வேறுபாட்டை எழுதி மாட்டத் தேவையில்லை. இரண்டு வகைக் குழாய்களையும் அருகருகே வைத்தால், பத்து வயதுப் பையன் ஒருவன் எப்படியும் வந்து ஏன் என்று கேட்பான்.

ஜவ்வரிசியும் இந்த ஊர்ப் பொருள்தான். மூங்கில் குழாய்க்குள் குறுக்கும் நெடுக்கும் குச்சிகளைச் செருகி, ஜவ்வரிசியைப் போட்டு இருபுறமும் அடைத்துக் கவிழ்த்தால் மழை பெய்யும் ஓசை கேட்கும். ஆனால் தட்டில் பரப்பி அளைந்து விளையாட வைக்கும் யோசனையை யாரும் சொன்னால் மறுத்துவிடுங்கள். நான் செய்து பார்த்தேன், மூன்றாம் நாள் எறும்பும் ஐப்பசி மழையில் வண்டும் வந்தன.

பாதுகாப்பைப் பற்றி விற்பனையாளரிடம் கேட்டபோது, தரமானது, பயப்பட வேண்டாம் என்ற பதில்தான் வந்தது. கேட்க வேண்டிய கேள்விகள் திட்டவட்டமானவை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேடு, கம்பிகளுக்கோ சட்டங்களுக்கோ நடுவிலுள்ள மூடிய இடைவெளி 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கக் கூடாது என்கிறது. அதற்குள் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். நான் சொன்ன நெசவுச் சட்டத்தின் பாவுக்கும் இதே அளவு பொருந்தும். கயிறுகள் நெருக்கமாகவும், இரு முனையும் இறுகவும் இருக்க வேண்டும். தொங்கும் சுருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஏறும் பொருளுக்கு அடியில் 9 அங்குல மணல் நிரப்பினாலும் அது 4 அடி உயரத்திலிருந்து விழுவதற்கு மட்டுமே போதுமானது என்பதும் அந்தக் கையேட்டின் அளவு. நம் பூங்காக்களில் சறுக்கு மரத்தின் அடியில் அழகுக்காகப் பதித்திருக்கும் சிமெண்டுக் கற்களை நினைத்துப் பாருங்கள். வண்ணப்பூச்சைப் பொறுத்தவரை, காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அதைப் படித்துப் பார்த்து வாங்கலாம். பழைய இரும்புப் பீப்பாய், பழைய கதவு ஆகியவற்றைப் பயன்படுத்தும்போது அவற்றின் மேலுள்ள பழைய பூச்சை நம்பக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வரும் மூலையில் சலங்கை மணி, கோலிக்குண்டு போல வாயில் போகும் எதுவும் வேண்டாம்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. சித்திரையில் சேலத்து வெயிலில் இரண்டு மணிக்கு எஃகுச் சறுக்கைத் தொட்டவருக்குத் தெரியும். உருக்காலை உள்ள ஊர் என்பதற்காக எல்லாவற்றையும் எவர்சில்வரில் செய்ய வேண்டியதில்லை. முற்றத்தில் வேப்பமரம் ஒன்று இருக்கிறது, அதன் நிழல் எந்த மாதத்தில் எங்கு விழுகிறது என்று முதலில் தரையில் சுண்ணாம்பால் குறித்துவிட்டு, பிறகு பொருள்களின் இடத்தை முடிவு செய்யலாம். வெயிலில் நிற்கும் பொருளுக்கு மரம் ஏற்றது. தம்மம்பட்டிச் சிற்பிகள் வாகை மரத்தில் தெய்வ உருவங்களும் வாகனங்களும் செதுக்குபவர்கள். அவர்களிடம் முழுக்குதிரை கேட்காமல், குதிரையின் தலை, கால், வால், இறக்கை என்று தனித்தனித் துண்டுகளாக, ஒன்றில் மற்றொன்று செருகும்படி செதுக்கித் தரச் சொல்லலாம். குதிரைத் தலைக்கு மீன் வாலைச் செருகுவதா என்பதைக் குழந்தை முடிவு செய்துகொள்ளும். யாளியைப் படைத்த நாட்டில் அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஏற்காட்டில் கோடை விழாவின்போது அண்ணா பூங்காவில் மலர்களால் உருவங்கள் செய்து வைப்பார்கள். கயிற்றுக்கு அப்பால் நின்று பார்க்க வேண்டியவை அவை. பூ வாடிவிடும், ஆகவே அந்தக் கயிறு நியாயமானது. ஆனால் அந்தக் கயிற்றைப் பார்த்துப் பழகிய பெற்றோர், கயிறு இல்லாத இடத்திலும் "தொடாதே" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். எங்கள் கூடத்தின் வாசலில் பெரியவர்களுக்காக ஒரே ஒரு பலகை வைக்கலாம்: இங்கே எல்லாவற்றையும் தொடலாம். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கும் அது பொருந்த வேண்டுமென்றால், வாசலின் இரண்டு படிகளுக்குப் பதில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் கட்ட வேண்டும். பார்வையற்ற குழந்தைக்கு ஒலிக்குழாய்களும் நெசவுச் சட்டமும் தனி ஏற்பாடு எதுவுமின்றியே கிடைத்துவிடும்.

வாசகர் வட்ட நண்பர்கள் இதற்கெல்லாம் ஆள் யார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஃபைபர் யானையின் உண்மையான கவர்ச்சியே அதற்கு ஆள் வேண்டாம் என்பதுதான். நான் சொல்பவை உடையும், அறும், தொலையும். ஆகவே சேரும் பணம் முழுவதையும் திறப்பு விழாவுக்கு முன்பே செலவழித்துவிடாமல், ஒரு பங்கைப் பழுதுபார்க்கவும், மாலை நேரத்தில் உடனிருக்கும் ஒருவருக்குச் சம்பளமாகவும் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். சண்டீகரில் நேக் சந்த் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு தனியாளாகத் தொடங்கிய பாறைத் தோட்டம் 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கழிவுப் பொருளால் இவ்வளவு செய்ய முடியுமா என்று வியப்பவர்கள், அதன் பின்னால் பல ஆண்டுகள் ஒரு மனிதர் நாள்தோறும் உழைத்ததை மறந்துவிடுகிறார்கள். கழிவு இலவசமாகக் கிடைக்கும், கவனிப்பு கிடைக்காது. டயர் ஊஞ்சல் கட்டினால்கூட அதில் துளையிட்டு மழைநீரை வடியவிட ஒருவர் வேண்டும், இல்லையென்றால் கொசு வளர்ப்போம்.

மற்றொன்று. எதையும் வாங்குவதற்கு முன்பாகக் கூடத்தை மட்டும் சுத்தம் செய்து, சில அட்டைப்பெட்டிகள், ஒரு கயிற்றுச் சுருள், சாக்பீஸ், இரண்டு பழைய போர்வைகள் ஆகியவற்றை வைத்துவிட்டு, ஒரு மாதம் குழந்தைகளை வரவிடலாம். எந்த மூலையில் வீடு கட்டுகிறார்கள், எங்கே ஒளிகிறார்கள், எந்தச் சுவரில் சாய்கிறார்கள் என்று மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ள நான் வருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம்.

கணினி ஜக்கார்டுக்கு மாறிய தறிக்காரர்கள் அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் இருந்தால், பரணில் கிடக்கும் பழைய அட்டைகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் ஒரு கட்டு எங்களுக்குக் கொடுத்து உதவும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும், வாய் தேய்ந்த நாடாக்களும் அந்த நூலைச் சுற்றும் தார்க்குச்சிகளும் இருந்தாலும் வாங்கிக்கொள்வோம். யானைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
அம்மாபேட்டை, சேலம்.